விலை கேட்கத் தெரிந்தால் போதாது

கொரியாவுக்குக் கிளம்புகிறவர்கள் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிற கேள்வி ‘ஒல்மாயேயோ?’ எவ்வளவு என்று பொருள். கேட்பதில் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் அடுத்த நொடியில் வருகிறது. கடைக்காரர் ‘மானிசொன்வொன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். மான் எங்கே முடிந்தது, இ எங்கே தொடங்கியது, சொன் எது என்று பிரித்தெடுக்கக் காது பழகியிருக்க வேண்டும். அவர் சொன்னது 12,000 வோன். பயணக் கையேடுகள் கேள்வியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பதிலை விட்டுவிடுகின்றன. ஆனால் கடைத்தெருவில் புழங்கும் கொரிய மொழி பெரும்பாலும் பதில்களில்தான் இருக்கிறது. அந்தப் பதில்களைப் புரிந்துகொள்ள ஆரம்பித்த பிறகுதான் நாம் வேடிக்கை பார்க்க வந்தவர் என்ற நிலை போய் வாங்க வந்தவர் ஆகிறோம்.

அதைப் பழக நான் போய் நின்ற இடம் சியோலின் மாங்வோன் சந்தை. மெட்ரோவின் ஆறாம் தடத்தில் மாங்வோன் நிலையத்தில் இறங்கி, இரண்டாவது வாசல் வழியாக வெளியே வந்தால் கொஞ்ச தூர நடை. பெயர்பெற்ற சந்தைகளுக்கு சியோலில் குறைவில்லை. 1905இல் தொடங்கிய குவாங்ஜாங் இருக்கிறது, அதைவிடப் பழமையான நம்தேமுன் இருக்கிறது. ஆனால் குவாங்ஜாங்கின் சாப்பாட்டு வரிசையில் சுற்றுலாக் கூட்டம் அலைமோதுகிறது. அங்கே விற்பவர்களே ஆங்கிலமோ ஜப்பானியமோ பேசி வேலையை முடித்துவிடுகிறார்கள். மாங்வோனில் சாயங்காலம் வருகிறவர்களில் பலர் அன்றைய இரவுச் சமையலுக்குக் கீரையும் தோஃபுவும் வாங்க வரும் அக்கம்பக்கத்து வீட்டார். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் என்ன சொன்னார், கடைக்காரர் திருப்பி என்ன கேட்டார் என்று காதில் வாங்கிக்கொண்டு, நம் முறை வந்ததும் அதையே சொல்லலாம். இதைவிட நல்ல பாடமுறை எனக்குத் தெரியாது.

முதலில் பெயர்ப்பலகைகள். ஹங்குல் எழுத்தை அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்தார். இன்று புழக்கத்தில் இருக்கும் அடிப்படை மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும். உயிர்மெய்யிலேயே எழுதப் படிக்கக் கற்ற நமக்கு இது அந்நியமான ஏற்பாடு இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. ‘கடல்’ என்பதில் வரும் ‘க’வையும் ‘பகல்’ என்பதில் வரும் ‘க’வையும் நாம் ஒரே எழுத்தால் எழுதி, இடம் பார்த்து வெவ்வேறாக ஒலிக்கிறோம். ஹங்குலிலும் அப்படித்தான். கடைக்குக் கொரியச் சொல் ‘காகே’. முதல் எழுத்து அழுத்தமாகவும் நடுவில் வருவது மெலிந்தும் ஒலிக்கும். யாரும் சொல்லித்தராமலேயே நம் வாய் அதைச் சரியாகச் செய்கிறது.

தெருவில் முதலில் கண்ணில் படுவது மருந்துக்கடை. ‘யாக்’ என்ற ஒற்றை எழுத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். மேலே இடப்பக்கம் ஒரு வட்டம். அதையொட்டி ஒரு நெட்டுக்கோடு. கோட்டிலிருந்து வலப்பக்கம் நீட்டிய இரண்டு சிறு கோடுகள். கீழே ஒரு செங்கோண வளைவு. யாக் மருந்து, யாக்குக் மருந்துக்கடை. இதை ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் அடுத்தடுத்த பலகைகளில் சொல்லின் வாலைப் பார்த்தே கடையின் வகையைச் சொல்லிவிடலாம். ‘ஜொம்’ என்று முடிந்தால் கடை: ஜொங்யுக்ஜொம் இறைச்சிக்கடை, சொல்முல்ஜொம் இரும்புச் சாமான் கடை, ப்யோனிஜொம் இரவு பகலாகத் திறந்திருக்கும் சிறுகடை, பெக்வாஜொம் பல மாடிப் பெருங்கடை. ‘ஜிப்’ என்றால் வீடு. கொத்ஜிப் பூக்கடை, தொக்ஜிப் அரிசிப் பலகாரக் கடை, பாங்ஜிப் ரொட்டிக்கடை. ரொட்டிக்கு ‘பாங்’ என்ற பெயர் போர்ச்சுகீசியத்திலிருந்து ஜப்பான் வழியாக வந்து சேர்ந்தது. அதே போர்ச்சுகீசியச் சொல்தான் இலங்கைத் தமிழில் பாண் ஆயிற்று. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு இந்தப் பலகையைச் சொல்லித்தர வேண்டிய தேவையே இருக்காது.

சந்தைகளில் நான் அதிக நேரம் நிற்பது ‘பங்ஆத்கான்’ என்ற அரவை மில் முன்னால். எள்ளை வறுத்து எண்ணெய் பிழியும் வாசனை தெருமுனையிலேயே அழைக்கும். பிழிந்த எண்ணெயைப் பெரும்பாலும் பழைய சோஜு மதுப் பாட்டில்களில்தான் நிரப்பி வைத்திருப்பார்கள், பச்சைக் கண்ணாடிக்குள் கறுப்பாகத் தெரியும். காய்ந்த மிளகாயை மூட்டையாகத் தூக்கி வந்த ஒரு பெண்மணியிடம் மில்காரர் கேட்ட கேள்வி இரண்டே சொல்: ‘குல்கே? கோப்கே?’ கரகரப்பாகவா, நைஸாகவா? கிம்ச்சி என்ற ஊறவைத்த காய்கறிக்குக் கரகரப்பான தூள், கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதுக்கு நைசான தூள். அந்தப் பெண்மணி ‘குல்கே’ என்றதும் இயந்திரத்தின் பிடியை மில்காரர் ஒரு சுற்றுத் தளர்த்தினார். வாய்ப்பகுதியில் படிந்திருந்த சிவப்புத் தூளைத் துடைத்துவிட்டு மிளகாயைக் கொட்டினார். பாடப் புத்தகத்தில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும் இந்த இரண்டு வினையடைகளும் அன்றைக்கு எனக்கு நிரந்தரமாகப் பதிந்துவிட்டன.

அடுத்து எண்கள். இங்கே அவசரப்படக் கூடாது, நேரம் செலவழிக்க வேண்டும். கொரிய மொழியில் எண்ணுக்கு இரண்டு வரிசைகள். ஹானா, துல், செத், நெத் என்று போவது சொந்த வரிசை. இல், இ, சாம், சா, ஓ என்று போவது சீனத்திலிருந்து வந்த வரிசை. பொருளை எண்ண முதலாவது, காசை எண்ண இரண்டாவது. ‘ரெண்டு ஆப்பிள் மூவாயிரம்’ என்று சொல்லும் கடைக்காரர் ஒரே வாக்கியத்துக்குள் வரிசை மாறிவிடுவார்: ‘தூ கே சாம்சொன் வோன்.’ பொருளுக்கு முன்னால் வரும்போது ஹானா ‘ஹன்’ என்றும் துல் ‘தூ’ என்றும் குறுகும். அட்டைகளில் எழுதும்போது 2 என்ற எண், அதன்பின் ‘கே’ என்ற எழுத்து, பிறகு 3 என்ற எண், அதன்பின் ‘சொன்வொன்’ என்று எழுத்தில் இருக்கும். ஆயிரத்தின் பூஜ்யங்களைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள்.

நாம் ஆயிரம், லட்சம் என்று அடுக்குகிறோம். அவர்கள் பத்தாயிரத்துக்கு ‘மான்’ என்று பெயர் வைத்து அதற்குமேல் இருப்பதையெல்லாம் மான் கணக்கில் சொல்கிறார்கள். 35,000 என்பது அவர்கள் கணக்கில் மூன்று மான், ஐந்து சொன் (ஆயிரம்). நம் ஒரு லட்சம் அவர்களுக்குச் சிப்மான், பத்து மான். இதை மனத்துக்குள் தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தால் பின்னால் வரிசை நீண்டுவிடும். நோட்டுகளோடு சேர்த்துப் பழகுவது சுலபம். ‘மான்’ என்று காதில் விழுந்ததும் கை பச்சை நோட்டைத் தேட வேண்டும். அதில் இருப்பவர் அரசர் செஜோங். நீல நோட்டு ஆயிரம், அறிஞர் யி ஹ்வாங்கின் படம். ஐயாயிரத்தில் யி இ. 2009இல் வந்த மஞ்சள் நிற ஐம்பதாயிரத்தில் ஓவியரான ஷின் சைம்தாங். அவர் யி இயின் தாய். தாயும் மகனும் ஒரு நாட்டின் பணத்தில் இருப்பது எனக்குப் பிடித்த செய்தி. அவர்களால் ‘ஓ’ என்ற ஐந்து மறப்பதில்லை: தாய் ஓமான், மகன் ஓசொன்.

வெளிநாட்டு முகத்தைக் கண்டால் கடைக்காரர்கள் அன்போடு கால்குலேட்டரை எடுத்துத் தட்டிக் காட்டுவார்கள். அந்த உதவியை மறுக்க வேண்டியதில்லை. திரையைப் பார்த்துவிட்டு, ‘தாஷி ஹன்பொன்மான்யோ’, இன்னொரு தடவை மட்டும், என்று கேட்டால் வாயாலும் சொல்வார்கள். கண்ணும் காதும் ஒரே தொகையை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும்.

எண் பழகிவிட்டால் அளவுச்சொற்களுக்குள் போகலாம். இதுதான் கடைத்தெரு மொழியின் மிகச் செழிப்பான பகுதி. நாம் பூவை முழத்தில் கேட்கிறோம், வெற்றிலையைக் கவுளியில் கேட்கிறோம். கொரியர்களும் அப்படித்தான், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘கே’ போட்டுச் சமாளிக்கலாம்தான், கடைக்காரருக்குப் புரியும். ஆனால் ‘தூபூ ஹன் மோ’ என்று தோஃபுவைக் கேட்கும்போது அவர் நிமிர்ந்து பார்க்கிற பார்வையே வேறு. மோ என்பது ஒரு கட்டி. கீரைக்குத் ‘தான்’, அதாவது கட்டு. கிம்ச்சி போடும் கோசுக்குப் ‘போகி’. மீனுக்கு ‘மாரி’, திராட்சைக்குச் ‘சோங்இ’, பாட்டிலுக்குப் ‘ப்யொங்’, செருப்புச் சோடிக்கு ‘க்யொல்லே’. முட்டையைப் ‘பான்’ கணக்கில் வாங்குவார்கள். ஒரு பான் என்றால் 30 முட்டை அடங்கிய தட்டு.

உலர்ந்த சாமான் விற்கும் கடைகளில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகப் போகிறது. கடற்பாசித் தாள் 100 சேர்ந்தால் ஒரு ‘தோத்’. பூண்டு 100 சேர்ந்தால் ஒரு ‘ஜொப்’. காய்ந்த பொல்லாக் மீன் 20 சேர்ந்தால் ஒரு ‘க்வே’. காய்ந்த கணவாய் 20க்கு அதே க்வே ஆகாது, அதற்குச் ‘சுக்’ என்று தனிப் பெயர். இளைஞர்களில் பலர் இவற்றை இன்று தேர்வுக்குப் படிக்கும் சொற்களாகவே அறிவார்கள். இவை உயிரோடு புழங்குவது பழைய சந்தைகளில்தான்.

இவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது கானாங்கெளுத்தி மீனின் ‘சோன்’. ஒரு சோன் என்றால் இரண்டு மீன், அதுவும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியதன் பிளந்த வயிற்றுக்குள் சிறியதைப் பொருத்தி, வெள்ளித் தோல் வெளியே மினுங்க, தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். சோன் என்றால் கை. ஒரு கையில் பிடிக்கிற அளவு. அந்தோங் நகரத்தின் உப்பிட்ட கானாங்கெளுத்தி இந்தக் கணக்கில்தான் பேர் வாங்கியது. அந்தோங் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். கிழக்குக் கரையிலிருந்து மலை வழியாகச் சுமந்து வரும் மீன் கெட்டுப்போகாமல் இருக்க உப்பிட்டார்கள். அந்த உப்புதான் பிறகு ஊருக்கே அடையாளமாயிற்று.

எடைக்கு வந்தால் ‘குன்’. இறைச்சியில் ஒரு குன் 600 கிராம், காய்கறியில் 400 கிராம். 2007இல் வியாபாரத்தில் மெட்ரிக் அளவைகளையே பயன்படுத்த வேண்டும் என்று அரசு கெடுபிடி காட்டியது. பலகைகளில் கிராம் வந்தது, இறைச்சிக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் 100 கிராமுக்கு இவ்வளவு என்று விலை எழுதினார்கள். ஆனால் வாயிலிருந்து குன் போகவில்லை. ‘சாம்க்யொப்சால் ஹன் குன்’, பன்றி வயிற்றிறைச்சி ஒரு குன், என்று கேட்டால் 600 கிராம் வெட்டித் தருகிறார்கள். எடையே வேண்டாம் என்றால் ‘பாகுனி’. சிறு பிளாஸ்டிக் கூடைகளில் கூறுகட்டி வைத்து, ஒரு பாகுனி இவ்வளவு என்று அட்டை செருகியிருப்பார்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, பேரிக்காய் எல்லாம் இப்படி. நவம்பரில் போகிறவர்களுக்கு இன்னொரு காட்சி காத்திருக்கிறது. அது கிம்ஜாங் காலம். குளிர்காலத்துக்கான கிம்ச்சியைக் குடும்பமாகச் சேர்ந்து போட்டுவைக்கும் வழக்கம் அது. 2013இல் யுனெஸ்கோ அதை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த வாரங்களில் சந்தை முழுக்க எத்தனை ‘போகி’ என்பதே பேச்சு.

இனி வாக்கியம். இங்கே தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை. ‘இகொ தூ கே ஜூசேயோ.’ இது, ரெண்டு, கொடுங்க. சொல்லுக்குச் சொல் அப்படியே நம் வரிசை. விலை குறைக்கச் சொல்ல ‘கக்கா ஜூசேயோ’: குறைச்சுக் கொடுங்க. நமக்கு ‘கொடு’ துணைவினையாக வருவதுபோல அங்கே ‘ஜூ’ வருகிறது. துணிக்கடையில் ‘இபொ ப்வாதோ த்வேயோ?’ என்று கேட்க வேண்டும். இபொ என்றால் போட்டு, ப்வாதோ என்றால் பார்த்தாலும், த்வேயோ என்றால் ஆகுமா. போட்டுப் பார்க்கலாமா என்று நாம் கேட்பதில் ‘பார்’ எந்த வேலை செய்கிறதோ அதே வேலை. தின்பண்டக் கடையில் ‘மொகொ ப்வாயோ’ என்றால் சாப்பிட்டுப் பாருங்க. வாங்காமல் நகரும்போது ‘துல்லொபோகோ ஓல்கெயோ’: சுத்திப் பார்த்துட்டு வரேன். ஆங்கிலம் வழியாகக் கொரிய மொழி கற்கிறவர் தலைகீழாக அடுக்கக் கஷ்டப்படும் வாக்கியங்கள் இவை. நாம் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வழி முடிந்துவிடுகிறது.

இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்தவர்களில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர். 1886இல் ஆசிரியராகக் கொரியாவுக்கு வந்தவர். கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் ஒரு நூலே வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற கருத்தை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. அதற்குப் போதிய சான்று இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்கியத்தின் கட்டுமானம் ஒத்துப்போவது கண்கூடு. குடும்ப உறவு இல்லாவிட்டாலும் கற்பவருக்கு அது கைகொடுக்கிறது. 1949இல் சியோலுக்குத் திரும்பி வந்து அங்கேயே காலமான ஹல்பர்ட்டின் கல்லறை யாங்ஹ்வாஜினில் இருக்கிறது. மாங்வோனிலிருந்து அடுத்த மெட்ரோ நிலையமான ஹப்ஜொங்கின் அருகில்தான். சந்தைக்குப் போகிற தமிழர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

துணிக்கடையில் இன்னொன்று கவனிக்க வேண்டும். உடுத்துவதற்கு ‘இப்’, காலில் மாட்டுவதற்குச் ‘ஷின்’, தலையில் வைப்பதற்கும் கண்ணாடி போடுவதற்கும் ‘ஸு’, மோதிரத்துக்கும் கையுறைக்கும் ‘கி’ என்று வினைகள் தனித்தனி. செருப்புக்கடையில் ‘இபொ’ என்று சொன்னால் ஆள் சிரித்துவிடுவார், ‘ஷினொ’ என்று சொல்ல வேண்டும். செருப்பு அளவு மில்லிமீட்டரில் இருக்கும்: 250, 270. அதைச் சீன வரிசையில் சொல்ல வேண்டும், இபெக்ச்சில்சிப். தோங்தேமுன் மொத்த வியாபாரக் கட்டடங்களுக்கு இரவில் போனால் அங்கே கேள்வியே வேறு. ‘நத்ஜாங்’ உண்டா, அதாவது ஒற்றை உருப்படி தருவார்களா என்று முதலில் கேட்க வேண்டும். கட்டுக் கட்டாக மூட்டை தூக்கி ஓடும் ஆட்களை அங்கே ‘சாம்ச்சோன்’, சித்தப்பா, என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உறவுமுறை சொல்லி அழைப்பது சந்தை முழுக்கவே உண்டு. சாப்பாட்டுக் கடைப் பெண்மணியை ‘இமோ’ என்பார்கள், அம்மாவின் கூடப்பிறந்தவள். பெண்கள் தங்களைவிடக் கொஞ்சம் மூத்த கடைக்காரியை ‘ஒன்னி’ என்கிறார்கள். யாரை எப்படி அழைப்பது என்று தெரியாதபோது ‘சாஜாங்னிம்’ பாதுகாப்பானது. முதலாளி என்று பொருள், தள்ளுவண்டிக்காரருக்கும் பொருந்தும். சினிமாவில் கேட்டுப் பழகிய ‘அஜும்மா’வை நாமாக எடுத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது, பலருக்கு அது மனம் நோகும். பணத்தை இரண்டு கையாலும், அல்லது வலக்கையை இடக்கையால் தாங்கியபடியும் கொடுக்க வேண்டும்.

பேரத்துக்கு ‘ஹுங்ஜொங்’ என்று பெயர். விலை எழுதி ஒட்டிய கடையிலும் பெருங்கடையிலும் அது செல்லாது. சந்தையில், ரொக்கமாக, ஒன்றுக்கு மேல் வாங்கும்போது மெல்லக் கேட்கலாம். ஆனால் என் அனுபவத்தில் விலையைக் குறைப்பதைவிடத் ‘தொம்’ கேட்பதே இரு பக்கத்துக்கும் சந்தோஷம். தொம் என்றால் கொசுறு. ‘ஜோகும் தொ ஜூசேயோ’, கொஞ்சம் கூடப் போடுங்க என்று கேட்டால், எடை போட்டு முடித்த பயறு முளையின் மேல் இன்னொரு பிடி விழும். இளைய கடைக்காரர்கள் இதையே ‘சொபிசு’ என்கிறார்கள்.

காலையில் போகிறவர்கள் ‘மாசுகொரி’ என்ற சொல்லை அறிந்திருக்க வேண்டும். போணி. அன்றைய முதல் வியாபாரம் எப்படி அமைகிறதோ அப்படித்தான் நாள் முழுக்கப் போகும் என்ற நம்பிக்கை அங்கேயும் உண்டு. ‘கேஷி’ என்றும் சொல்வார்கள். கேஷியே ஆகவில்லை என்று கடைக்காரர் முணுமுணுத்தால், போணி ஆகாத கடையில் நின்று பேரம் பேசி, வாங்காமல் நகர்வது மரியாதை இல்லை. மாறாக, கடை கட்டும் நேரத்தில் ‘தொரி, தொரி’ என்று குரல் கேட்கும். மிச்சமிருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிடும் நேரம். அப்போது பாதி விலைக்கும் கிடைக்கும், யாரும் பேரமே பேச வேண்டாம். கிளம்பும்போது ‘மானி பாசேயோ’ என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நிறைய விற்கட்டும் என்று வாழ்த்துவது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சொல்லலாம். கிடைக்கும் புன்னகை உண்மையானது.

புசானின் ஜகால்ச்சி மீன் சந்தைக்குப் போனால் இந்த மொழியே ஊர் வாசனையோடு மாறிவிடுகிறது. தலைநகரில் ‘ஓசேயோ, போசேயோ, சாசேயோ’ என்பதை இங்கே ‘ஓயிசோ, போயிசோ, சாயிசோ’ என்கிறார்கள். வாங்க, பாருங்க, வாங்கிக்குங்க. ஜகால்ச்சியின் முழக்கமே அதுதான். 1950இல் மூண்ட போரில் அகதிகளாக வந்து குவிந்தவர்களுக்குப் புசான் சந்தைகள்தான் சோறு போட்டன. மீன் விற்று வீட்டைக் காப்பாற்றிய பெண்களை ‘ஜகால்ச்சி அஜிமே’ என்று ஊரே மரியாதையாகச் சொல்கிறது.

ரப்பர் ஏப்ரனும் முழங்கால் பூட்ஸும் போட்ட ஒரு அஜிமே ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, ‘கூயியோங்? ஜோரிம்யோங்?’ என்று என்னைக் கேட்டார். சுடவா, குழம்புக்கா? ‘யோங்’ என்றால் இன்ன உபயோகத்துக்கு. சுட என்று சொன்னால் முழு மீனைக் கீறித் தருவார், குழம்புக்கு என்றால் துண்டு போடுவார். ‘ஜோரிம்’ என்றேன். கத்தியின் முதுகால் செதிலை எதிர்த்திசையில் வழித்து, செவுளுக்குள் கட்டைவிரலை விட்டுக் குடலை ஒரே இழுப்பில் எடுத்து, நாலு வெட்டு. ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். மீனைச் சுத்தம் செய்து தரும்படி கேட்கச் ‘சோன்ஜில்ஹெ ஜூசேயோ’ என்ற வாக்கியம் போதும். பச்சையாக ‘ஹ்வே’ சாப்பிட வேண்டுமானால் ‘தொ ஜூசேயோ’, சீவித் தாருங்கள்.

சூப்பர் மார்க்கெட்டிலும் ப்யோனிஜொமிலும் நிலைமை வேறு. சியோலின் சாங்தோங்கில் 1993இல் முதல் இமார்ட் பெருங்கடை திறந்தது. இப்போது ப்யோனிஜொம்கள் மட்டும் நாடு முழுக்க 50,000க்கும் மேல். இங்கே நாம் பேச வேண்டியது குறைவு, கேட்க வேண்டியது அதிகம். பில் போடும் பெண் வேகமாக மூன்று கேள்வி கேட்பார். வினை கடைசியில் வரும் மொழி என்பதால் முதல் பெயர்ச்சொல்லைப் பிடித்தால் போதும். ‘போங்து’ பை. ‘போயிந்து’ கழிவுப் புள்ளி அட்டை. ‘யோங்சுஜுங்’ ரசீது. வேண்டுமென்றால் ‘நே’, வேண்டாமென்றால் ‘க்வென்சானாயோ’. பெரிய மார்ட்களில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை கிடையாது. பலர் அந்தந்த வட்டாரத்தின் குப்பைப் பையை விலைக்கு வாங்கி அதிலேயே சாமானைக் கொண்டுபோகிறார்கள், பிறகு வீட்டுக் குப்பைக்கு அது ஆகும். குப்பையின் அளவுக்கேற்பப் பைக்குக் காசு வாங்கும் இந்த ஏற்பாடு 1995 முதல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மார்ட் வாசலில் ‘ஹ்யுமு’ என்ற பலகை தொங்கினால் அன்று விடுமுறை. சந்தைகளைக் காப்பாற்ற 2012இல் வந்த சட்டத்தால் பெரிய மார்ட்கள் மாதத்தில் இரண்டு நாள் மூடியிருக்க வேண்டும்.

உணவகங்களிலும் ஐஸ்க்ரீம் கடைகளிலும் தொடுதிரை இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆளே இல்லாத கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மொழி தெரியாதவருக்கு அவை வசதி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திரையின் முன் விரலை நீட்டியபடி தயங்கி நிற்கும் முதியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. வாய் திறந்து கேட்டு வாங்கியே பழகியவர்கள் அவர்கள். அவர்களோடு பேசித்தான் நானும் இத்தனை சொற்களைச் சேர்த்தேன்.

அதனால் கொரியாவில் கொஞ்சம் நாள் கூடுதலாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது ‘ஓயில்ஜாங்’. ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தை. சியோலுக்குத் தெற்கே சொங்னாமின் மோரான் சந்தை 4, 9 என்று முடியும் தேதிகளில் கூடும். கங்வோன் மாகாண மலைகளுக்குள் இருக்கும் ஜொங்சொன் சந்தை 2, 7 என்று முடியும் தேதிகளில். வசந்த காலத்தில் ஜொங்சொன்னுக்குப் போனால் வயதான பெண்கள் மலைக்கீரைகளைத் தரையில் கூறுகட்டி உட்கார்ந்திருப்பார்கள். கொந்துரே, சுயி, கோசாரி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. விலை கேட்டுவிட்டு அதோடு நிறுத்தாமல் ‘ஒத்தொகே மொகொயோ?’, எப்படிச் சாப்பிடணும், என்று கேளுங்கள். ‘தேச்சொசொ’, கொதிநீரில் காட்டி. ‘கோக் ஜாசொ’, நன்றாகப் பிழிந்து. பிறகு எண்ணெயும் உப்பும் போட்டு ‘முச்சொ’, பிசறி. சொல்லிக்கொண்டே கையால் பிழிந்து காட்டுவார்கள். கொந்துரேவாக இருந்தால் அரிசியோடு சேர்த்து வேகவைத்துச் சோயா கலவை ஊற்றிச் சாப்பிடச் சொல்வார்கள், அந்தக் கலவையில் என்னென்ன போட வேண்டும் என்பதையும் சேர்த்து. புரியாத சொல் வந்தால் நோட்டையும் பேனாவையும் நீட்டுங்கள், அவர்களே எழுதித் தருவார்கள்.